கட்டளை வரியில் ஒரு முகவர்: மேகக் கிடங்கும் அதன் திறவுகோலும்

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் தொழிலால் வேறுபட்டவையாயினும், இரண்டும் காகிதங்களைக் காத்து வைத்தே பிழைக்க வேண்டிய ஊர்கள். 1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நிறுவிய ராஜபாளையம் மில்ஸைத் தொடர்ந்து பஞ்சும் நூலும் வேரூன்றிய ராஜபாளையத்தை ஒட்டி, சத்திரப்பட்டி வட்டாரத்து விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி, காயத்தின்மேல் நேரே படும் பொருள் என்பதால், மருந்துச் சட்டத்தின்கீழ் வரையறுக்கப்பட்ட தரத்துக்கு உட்பட்டது; ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் பேட்ச் எண், பரிசோதனைச் சான்று, விற்பனைப் பட்டியல் எனக் கோப்புகள் பெருகிக்கொண்டே போகின்றன. மாவட்ட ஆட்சியரகம் விருதுநகரில் இருக்க, மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அமைந்திருப்பதால், அவ்வூரின் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் வழக்குக் கட்டுகளுக்குக் குறைவில்லை. இக்காகிதங்களில் ஒரு பகுதி இன்று ஸ்கேன் செய்யப்பட்டு, கூகுள் டிரைவ் போன்ற மேகச் சேமிப்பகங்களில், அதாவது தொலைவிலுள்ள நிறுவனக் கணிப்பொறிகளில் வாடகைக்கோ இலவசமாகவோ பெறப்படும் இடத்தில், போய்ச் சேர்கின்றது. அவற்றைத் தேடவும் பிரித்து அடுக்கவும் செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றைக் கட்டளை வரிக் கருவி வழியாக இணைப்பது எவ்வாறு என்பதும், அவ்விணைப்பில் அதிகார எல்லை எங்கே வைக்கப்பட வேண்டும் என்பதும் இவ்வுரையின் பொருள்.

பெருமொழி மாதிரி என்பது கொடுக்கப்பட்ட எழுத்தைப் படித்து, அதன்பின் வரத்தக்க எழுத்தை உருவாக்கும் அமைப்பு. எழுதுவதைத் தவிர அதனால் வேறெதுவும் செய்ய இயலாது. அது எழுதிய கட்டளையை ஒரு துணை நிரல் கணிப்பொறியில் உண்மையாகவே இயக்கி, விளைந்த வெளியீட்டை மீண்டும் மாதிரியிடமே படிக்கக் கொடுத்து, மாதிரி அடுத்த கட்டளையை எழுத, பணி முடியும்வரை இச்சுழற்சி தொடருமானால், அந்த முழு ஏற்பாட்டையே முகவர் என்கிறோம். தொழில் வழக்கில் ஏஐ ஏஜென்ட். 2025ஆம் ஆண்டின் முதற்பாதியிலேயே கிளாட் கோட், கோடெக்ஸ், ஜெமினி ஆகிய மூன்று முகவர்கள் கட்டளை வரியில் இயங்கும் வடிவில் வெளிவந்தன. பொத்தான்களும் படங்களும் நிறைந்த திரைகளை மனிதர்களுக்குப் பழக்கிய நிறுவனங்களே முகவருக்கு வெறும் எழுத்துத் திரையைத் தேர்ந்தது தற்செயல் அன்று.

கட்டளை வரி என்பது கணிப்பொறிக்கு இடவேண்டிய பணியை ஒரு வரி எழுத்தாகத் தட்டி, விடையையும் எழுத்தாகவே பெறும் முறை. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தில், ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொரு நிரலின் உள்ளீடாகச் செலுத்தும் குழாய் என்னும் ஏற்பாடு, டக் மெக்கில்ராய் பல ஆண்டுகள் வலியுறுத்தியதன் பயனாக 1973இல் சேர்க்கப்பட்டது. அதுமுதல் சிறு நிரல்கள் பல சேர்ந்து எழுத்தைக் கைமாற்றிப் பெரும்பணி செய்வது அம்மரபின் இயல்பாயிற்று. எழுத்தை மட்டுமே அறிந்த மாதிரிக்கு, எழுத்தை மட்டுமே கேட்கும் இடம் பொருந்துவது இயல்பே. மேலும், இக்கட்டளைகளைப் பற்றி அரை நூற்றாண்டாக எழுதப்பட்ட கையேடுகள் மாதிரியின் பயிற்சியில் மிகுதியாக இடம்பெற்றிருப்பதால், புதிதாகக் கற்பிக்காமலேயே அது பலவற்றை அறிந்திருக்கிறது. அறியாததைக் கருவியின் உதவிப் பக்கத்தைக் கேட்டுப் படித்துக்கொள்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்னும் நெறிமுறை, கருவிகளை முகவருக்கு அறிமுகப்படுத்த வேறொரு முறையான வழியைத் தந்தது. எந்தெந்தச் செயல்கள் மட்டுமே இயலும் என்பதை முன்னரே குறுக்கிவிடும் நன்மை அதற்கு உண்டு. ஆயினும் நான்கைந்து பேர் பணிபுரியும் ஒரு சிறு அலுவலகத்துக்கு, ஏற்கெனவே பல்லாண்டு புழக்கத்தில் தேறிய கட்டளை வரிக் கருவியே போதுமானது.

தமிழில் இத்தகைய இணைப்புக்கு முன்னோடியாகக் கொள்ளத்தக்க ஒரு பணி முகவர்கள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நிகழ்ந்தது. அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் வசதியைக் கூகுள் 2015இல் இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குத் தன் டிரைவ் சேமிப்பகத்தின் வழியே அளித்தபோது, அவ்வசதி ஒவ்வொரு கோப்பாகக் கையால் ஏற்றி இறக்குவோர்க்கே பயன்பட்டது. கணியம் இதழின் வழியே கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் த. சீனிவாசன், ஒரு நூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, கட்டளை வரிக் கருவியால் டிரைவில் ஏற்றி, பிரித்தறிந்த எழுத்தை இறக்கி, விக்கிமூலத்தில் அந்தந்தப் பக்கத்தில் சேர்க்கும் நிரலை எழுதினார். தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய ஏறத்தாழ ஈராயிரம் நாட்டுடைமை நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் தேடத்தக்க எழுத்தாக மாறியதற்கு இத்தகைய தானியக்கமே அடிப்படை. ஆனால் அந்நிரலின் ஒவ்வொரு அடியும் முன்னரே எழுதப்பட்டது; ஏற்று என்றால் ஏற்றும், இறக்கு என்றால் இறக்கும், அழிக்க அதற்குத் தோன்றாது. முகவரோ அடுத்த அடியைத் தானே தீர்மானிக்கிறது. பணியின் எளிமையும் பணியின் அபாயமும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

இன்று பரவலாகப் பயன்படும் கட்டளை வரிக் கருவி, நிக் கிரெய்க்வுட் உருவாக்கிய ஆர்குளோன் என்னும் கட்டற்ற மென்பொருள். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், அமேசானின் எஸ்3 என எழுபதுக்கும் மேற்பட்ட சேமிப்பகங்களை ஒரே வகைக் கட்டளைகளால் அது அணுகுகிறது. ஒவ்வொரு சேமிப்பகத்துக்கும் ஒரு பெயரிட்டு, அப்பெயருக்குப்பின் முக்காற்புள்ளியிட்டு, கோப்புறையின் பெயரை எழுதினால் போதும். பட்டியலைக் கேட்கும் கட்டளைகளுள் எல்எஸ்ஜேசன் என்பது, கோப்பின் பெயர், அளவு, கடைசியாக மாறிய நேரம் ஆகியவற்றை இயந்திரம் பிழையின்றிப் படிக்கும் வடிவில் தருவதால், முகவருக்கு மிக ஏற்றது. கட்டளை முடிந்தவுடன் ஓர் எண்ணும் திரும்பி வருகிறது; சுழியம் என்றால் வெற்றி, 3 என்றால் கோப்புறை இல்லை, 4 என்றால் கோப்பு இல்லை. மாதிரிகள் நடவாததை நடந்ததாக எழுதிவிடும் குறை உடையவை. அக்குறைக்கு இவ்வெண்கள் ஓரளவு கடிவாளம். கூகுள் டிரைவுக்கே உரிய ஒரு விநோதத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும்: ஒரே கோப்புறையில் ஒரே பெயருடைய இரண்டு கோப்புகளை அது அனுமதிக்கிறது. மார்ச் மாதத்துப் பரிசோதனைச் சான்று எது என்று கேட்கப்பட்ட முகவர், இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்று இருப்பதையே சொல்லாமல் விடக்கூடும்.

இணைப்பின் மையம் கட்டளையில் இல்லை, அனுமதியில் இருக்கிறது. கணக்கின் கடவுச்சொல்லைக் கருவியிடம் கொடுக்காமலேயே குறிப்பிட்ட அளவு அதிகாரத்தை மட்டும் வழங்கும் முறை ஓஆத் எனப்படும்; அதன் இரண்டாம் பதிப்பு 2012 அக்டோபரில் பொது நெறிமுறையாக வெளியிடப்பட்டது. உரிமையாளர் தம் உலாவியில் உள்நுழைந்து சம்மதித்தவுடன், சேமிப்பக நிறுவனம் டோக்கன் என்னும் நீண்ட எழுத்துச் சரத்தைக் கருவிக்கு அளிக்கிறது. ஆலை வாயிலில் காட்டப்படும் கேட் பாஸில் எந்தச் சரக்கு, எத்தனை பொதி, எந்த நாள் என்று எழுதியிருப்பதைப்போல, டோக்கனிலும் எதைச் செய்யலாம் என்னும் வரம்பும் எவ்வளவு நேரம் என்னும் கெடுவும் அடங்கியுள்ளன. கூகுளில் அணுகல் டோக்கன் ஏறத்தாழ ஒரு மணி நேரமே செல்லும். அதன்பின் புதியதைப் பெறப் புதுப்பிப்பு டோக்கன் ஒன்று கருவியிடம் தனியே இருக்கும். ஆர்குளோனை டிரைவோடு இணைக்கும்போது வரம்பு எது என்று கேட்கப்படுகிறது. பலர் யோசியாமல் முதல் தெரிவான முழு அதிகாரத்தை ஏற்றுக்கொள்கின்றனர். அதனை அடுத்துப் படிக்க மட்டும் என்னும் தெரிவும், கருவி தானே உருவாக்கிய கோப்புகளை மட்டும் காணவும் மாற்றவும் இயலும் என்னும் தெரிவும் உள்ளன. பிந்திய இரண்டையும் தனித்தனிப் பெயர்களில் அமைத்து, பழைய ஆவணங்களைப் படிக்க ஒன்றையும், முகவர் ஆக்கும் பட்டியல்களையும் சுருக்கங்களையும் எழுதிவைக்க மற்றொன்றையும் பயன்படுத்தினால், முகவர் எவ்வளவு தடுமாறினாலும் பழைய சான்றுகளில் ஒன்றைக்கூட அதனால் தொட இயலாது.

முகவரிடம் அழிக்காதே என்று எழுதிவைப்பது போதாதா என்னும் கேள்வி எழலாம். போதாது. மாதிரிக்கு இடப்படும் அறிவுரை, அது படிக்கும் எழுத்துகளுள் ஒன்றே; அதற்குப் பெரும்பாலும் மாதிரி கட்டுப்படும் என்பதற்கும் எப்போதும் கட்டுப்படும் என்பதற்கும் இடையே உள்ள தொலைவில்தான் விபத்துகள் நேர்கின்றன. 2025 ஜூலையில் ரெப்லிட் என்னும் நிரலாக்கத் தளத்தின் முகவர், எதையும் மாற்றக்கூடாது என்று பயனர் திரும்பத் திரும்ப எழுதியிருந்தும், நடப்பிலிருந்த தரவுத்தளத்தை அழித்தது. நிறுவனத் தலைவரே அதைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். அதன்பின் வந்த திருத்தம் இன்னும் கடுமையான அறிவுரை அன்று, சோதனைத் தரவுத்தளத்தை நடப்புத் தரவுத்தளத்திலிருந்து பிரித்தது என்பது கவனிக்கத்தக்கது. பணிக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்தையே எந்த நிரலுக்கும் வழங்க வேண்டும் என்னும் கொள்கையை ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975லேயே வகுத்துவைத்தனர். அதனை இன்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் விற்பனை மேடைகளில் முழங்குவோர் பலர்.

இந்த ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை உள்ளது. ஆர்குளோன் தன் டோக்கன்களைப் பயனரின் கோப்புறையில் ஒரு சாதாரண அமைவுக் கோப்பில் எழுதிவைக்கிறது. தனிக் கடவுச்சொல் இட்டாலன்றி அக்கோப்பு மறையாக்கம் செய்யப்படுவதில்லை. எந்தக் கட்டளையையும் இயக்கவல்ல முகவர், அதே பயனர் பெயரில் இயங்குமானால், அந்த அமைவுக் கோப்பையும் திறந்து படிக்கலாம். அதில் உரிமையாளரின் முழு அதிகார டோக்கனும் பக்கத்திலேயே இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஒரு குறிப்பிட்ட கோப்புறைக்குள் மட்டும் நிற்கும்படி கருவியில் அமைப்பதும் வசதிக்கே உதவும், காவலுக்கு உதவாது, ஏனெனில் அந்த அமைப்பை மாற்றும் கட்டளையும் முகவரின் கைக்கு எட்டுவதே. ஆகவே முகவருக்கெனக் கணிப்பொறியில் தனிப் பயனர் பெயரும், சேமிப்பகத்தில் தனிக் கணக்கும் உருவாக்கி, அலுவலகக் கணக்கிலிருந்து தேவையான ஒரே ஒரு கோப்புறையை மட்டும் பார்வையாளர் உரிமையுடன் அத்தனிக் கணக்குக்குப் பகிர்வதே சிறந்தது. இதற்குச் செலவில்லை, நிரலறிவும் வேண்டியதில்லை. கைபேசியில் கோப்புறையைப் பகிரத் தெரிந்த எவரும் செய்யக்கூடியது. மேற்சொன்ன நுட்பங்கள் அனைத்திலும் முதலில் செய்யத்தக்கது இதுவே. பூட்டு சேமிப்பக நிறுவனத்தின் பக்கம் இருப்பதால், முகவர் தன் கணிப்பொறியில் என்ன செய்தாலும் அதனைத் திறக்க இயலாது.

படிக்க மட்டும் என்னும் அனுமதி தீங்கற்றது என்று கருதுவதும் பிழை. முகவர் ஒரு கோப்பைப் படிக்கிறது என்றால், அக்கோப்பின் எழுத்து மாதிரியை இயக்கும் நிறுவனத்தின் கணிப்பொறிக்குச் செல்கிறது என்பதே பொருள். பேண்டேஜ் துணியின் பேட்ச் எண் வெளியே போவதால் பெருங்கேடு விளையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வழக்கறிஞர் ஒருவரின் கட்சிக்காரர் எழுதிக்கொடுத்த குறிப்பு அத்தகையதன்று. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 132ஆம் பிரிவு, தொழில்முறையில் கட்சிக்காரர் தெரிவித்ததை அவர் சம்மதமின்றி வழக்கறிஞர் வெளிப்படுத்தலாகாது என்கிறது. அத்தகைய கட்டுகளை முகவருக்குப் பகிரும் கோப்புறைக்கு வெளியே நிறுத்துவது, அல்லது இணையத்துக்கே செல்லாமல் அலுவலகக் கணிப்பொறியிலேயே இயங்கும் திறந்த மாதிரிகளைப் பயன்படுத்துவது என இரண்டே வழிகள். பிந்தியதற்கு வலுவான கணிப்பொறி வேண்டும், முந்தியதற்கு ஒழுங்கு மட்டும் போதும்.

இதனோடு சேர்ந்த மற்றொரு கேடு, வெளியார் அனுப்பும் கோப்புகளின் வழியே வருவது. மாதிரிக்கு உரிமையாளர் எழுதிய ஆணையும் கோப்புக்குள் இருக்கும் எழுத்தும் ஒரே நீரோட்டமாகவே வந்து சேர்வதால், யாரோ அனுப்பிய விலைப்பட்டியலின் அடியில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில், பிற கோப்புகளை இன்ன முகவரிக்கு அனுப்பு என்று எழுதியிருந்தால், முகவர் அதையும் ஆணையாகக் கொள்ள இடமுண்டு. இதற்கு உட்செலுத்தல் தாக்குதல் என்னும் பொருள்படும் பெயரை 2022இல் சைமன் வில்லிசன் இட்டார். தனிப்பட்ட ஆவணம், நம்பத்தகாத வெளி எழுத்து, வெளியே அனுப்பும் வழி ஆகிய மூன்றும் ஒரே முகவரிடம் கூடும்போதுதான் களவு இயலும் என்று 2025இல் அவரே விளக்கினார். கட்டளை வரியில் மூன்றாவது எப்போதும் இருப்பது. ஒரே வரியில் எந்த இணைய முகவரிக்கும் எதையும் அனுப்பிவிடலாம். சேமிப்பகத்துக்கும் மாதிரிக்கும் தவிர வேறெங்கும் அந்தப் பயனர் பெயரிலிருந்து இணைப்புச் செல்லாதபடி அடைத்துவிடுவது இதனால் அவசியமாகிறது.

தமிழ்க் கோப்புப் பெயர்களைப் பற்றி ஆங்கிலக் கையேடுகள் பேசுவதில்லை; இவ்விரு ஊர்களின் அலுவலகங்களில் முகவர் முதலில் தடுக்கி விழும் இடமோ அதுவே. ஒருங்குறியில் தமிழின் ஒவ்வொரு குறியீடும், கணிப்பொறிகள் பொதுவாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில், மூன்று பைட்டுகளைப் பிடிக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் பெயர் மட்டுமே 18 குறியீடுகள், 54 பைட்டுகள். லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டலாகாது என்பதால், தமிழில் அது 85 குறியீடுகளோடு முடிந்துவிடுகிறது. விண்டோஸில் தாராளமாக வைத்த நீண்ட வழக்குப் பெயர், லினக்ஸில் இயங்கும் முகவரால் இறக்கப்படும்போது பெயர் நீளம் என்னும் பிழையோடு நிற்கும். அடுத்து, கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரு துண்டுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, கணிப்பொறிக்கு அவை வெவ்வேறு. பழைய ஆப்பிள் கணிப்பொறிகள் பெயர்களைத் துண்டாக்கியே சேமித்தன. ஒத்திசைக்கும்போது ஆர்குளோன் இவ்விரு வடிவங்களையும் இயல்பாகவே ஒன்றாகக் கருதுவதால் இவ்வளவும் சமாளிக்கத்தக்கதே. சமாளிக்க இயலாதது ஊர்ப்பெயரின் முதலெழுத்து. ஸ்ரீ என்னும் கூட்டெழுத்தை ஸகரத்திலிருந்தும் உருவாக்கலாம். 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்திலிருந்தும் உருவாக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவில் தோன்றினும், இவற்றை ஒன்றாக்கும் விதி எதுவும் இல்லை. ஒரு கைபேசியில் தட்டிய கோப்புறைப் பெயரை மற்றொரு விசைப்பலகையில் தட்டிய பெயரால் தேடினால், அப்படி ஒரு கோப்புறை இல்லை என்று எண் 3 திரும்பி வரும். முகவரும் அதை நம்பி, அவ்வூர் ஆவணங்களே இல்லை என்று அறிக்கை எழுதிவிடும். ராஜபாளையம், இராஜபாளையம், இராசபாளையம் என்னும் வேறுபாடுகளாவது கண்ணுக்குத் தெரிகின்றன. இவற்றுக்கும் முந்திய அடுக்காக, வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியேற்றங்களில் தட்டிய ஆவணங்கள் உள்ளன. அவை கணிப்பொறிக்குத் தமிழாகவே தெரிவதில்லை. பெயரில் ஆண்டு, பேட்ச் எண், வழக்கு எண் ஆகியவற்றை எண்களாக முன்வைத்து, தமிழ்ப் பெயரை அதன்பின் வைக்கும் வழக்கத்தை அலுவலகம் கைக்கொண்டால், முகவரின் தேடல் எண்ணிலேயே நிலைகொள்ளும்.

எழுதும் அதிகாரம் கொடுத்தே ஆகவேண்டிய பணிகளும் உண்டு. சிதறிய கோப்புகளை ஆண்டுவாரியாகப் பிரித்து அடுக்குவது அத்தகையது. ஆர்குளோனில் காப்பி என்னும் கட்டளை படியெடுக்கும். சிங்க் என்னும் கட்டளையோ சேருமிடத்தைப் புறப்படுமிடத்தின் அச்சு அசலாக்கும், அதாவது புறப்படுமிடத்தில் இல்லாததைச் சேருமிடத்தில் அழித்துவிடும். இரண்டு பெயர்களும் முன்பின்னாக மாறிப்போனால், வெறுங்கோப்புறை ஒன்று முழுக் கிடங்கையும் துடைத்துவிடும். டிரைவில் அழிந்தவை இயல்பாகக் குப்பைத்தொட்டிக்குச் சென்று 30 நாள் கிடக்கும். ஜிஎஸ்டி சட்டத்தின்படி கணக்குகளைக் காக்க வேண்டிய காலமோ ஆண்டறிக்கைக்குரிய கெடுவிலிருந்து 72 மாதங்கள். தணிக்கை வரும்போது இழப்பு தெரியவந்தால் முப்பது நாள் எப்போதோ கடந்திருக்கும். ஆகவே முகவருக்கு சிங்க் வேண்டியதே இல்லை. காப்பியும், படி சரியாக இருக்கிறதா என்று ஒப்பிடும் செக் கட்டளையும் போதும்.

எஞ்சியது மனிதர் ஒப்புதல். ஒவ்வொரு கட்டளைக்கும் ஆம் என்று அழுத்தச் சொல்லும் முகவர்கள், பத்தாவது தடவைக்குப்பின் படியாமலே அழுத்தும் பழக்கத்தைத்தான் வளர்க்கின்றன. ஆர்குளோனில் எதையும் செய்யாமல், செய்தால் என்ன நிகழும் என்பதை மட்டும் பட்டியலிடும் டிரை ரன் என்னும் தெரிவு உண்டு. முகவர் தன் திட்டம் முழுவதையும் முதலில் இத்தெரிவுடன் இயக்கி, எந்தக் கோப்பு எங்கே போகும் என்னும் பட்டியலை ஒரே தாளாக அச்சிட்டுத் தர, ஒப்புதலுக்குப்பின் அதே கட்டளைகள் அத்தெரிவின்றி இயக்கப்பட்டு, நிகழ்ந்தவை முகவரின் கை எட்டாத இடத்தில் பதிவாகட்டும். அந்தத் தாளைப் படித்துக் கையெழுத்திடத் தகுந்தவர் கணிப்பொறி வல்லுநர் அல்லர். எந்த பேட்ச் எந்த ஆண்டில் எந்த மருத்துவமனைக்குப் போயிற்று என்பதை நினைவிலிருந்தே சொல்லக்கூடிய கணக்குப்பிள்ளை.